வாக்கர் குடும்பத்தின் "வீர வரலாறு", 45 பவுண்டு: வாங்கலாமா, வேண்டாமா?

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் ஃப்ரேமுக்குக் கொடுத்தது, உள்ளே இருக்கும் காகிதத்துக்குப் பூஜ்யம்.

இது என்ன பொருள் என்று தெரியாதவர்களுக்காக: இங்கிலாந்தில் சுற்றுலாப் பயணிகள் புழங்குகிற எந்த ஊருக்குப் போனாலும், கோட்டை வாசலிலோ ஷாப்பிங் சென்டரின் நடுவிலோ இப்படி ஒரு குட்டிக் கடை இருக்கும். உங்கள் குடும்பப்பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டரில் தட்டி, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, என்ன அர்த்தம், குடும்பச் சின்னம் எது என்று எல்லாவற்றையும் பழைய ஏடு போலத் தெரிகிற பழுப்புத் தாளில் அச்சடித்து ஃப்ரேம் போட்டுத் தருவார்கள். சாவிக்கொத்து, காபி கோப்பை, ஃப்ரிட்ஜ் காந்தம் என்று சில்லறைச் சாமான்களும் உண்டு.

லீட்ஸில் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். குடும்பப்பெயர் வாக்கர். யார்க்‌ஷயரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஊர்ப்பெருமை பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டு நேரம் போதாது. எல்லோரும் காசு போட்டோம், வாங்கி வரும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது. பெரிய அளவு, ஃப்ரேமோடு சேர்த்து 45 பவுண்டு. கடைப் பெயரைப் போடவில்லை. இதே சரக்கை விற்கிற கடைகள் நிறைய இருக்கின்றன, ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டுவதில் பயன் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மரம் நல்ல மரம், மூலைகள் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கின்றன. மாட்டுவதற்குப் பித்தளை வளையம், பின்பக்கம் தூசி போகாதபடி தாள் ஒட்டி முடித்திருக்கிறார்கள். முன்னால் இருப்பது கண்ணாடி இல்லை, அக்ரிலிக், அதை நான் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன், பார்சலில் அனுப்பினாலும் உடையாது. கடைக்காரர் சிரித்த முகம், அதிகம் காக்க வைக்கவும் இல்லை.

இப்போது காகிதம். நாலு ஓரமும் தீயில் கருகிய மாதிரி இருக்கிறது, விரலால் தடவினால் வழவழவென்று ஓடுகிறது, கருகலையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். மேலே முள் முள்ளாக நிற்கிற பழைய கோதிக் எழுத்தில் பெயர். நடுவில் ஒரு கேடயம், கேடயத்துக்கு மேல் இரும்புத் தலைக்கவசம், கீழே ரிப்பனில் ஒரு லத்தீன் வாசகம். அதற்கும் கீழே மூன்று பத்தி. வாக்கர் என்பது மிகப் பழமையான, கண்ணியமான பெயர், அரசரின் காடுகளை நடந்தே சுற்றிக் காவல் காத்த அதிகாரிகளுக்கு வந்தது என்கிறது முதல் பத்தி. நார்மன் படையெடுப்புக் காலத்திலிருந்து நிலபுலனோடு வாழ்ந்து போர்க்களத்தில் பேர் வாங்கிய குடும்பம் என்கிறது இரண்டாவது. மூன்றாவதில் இவர்களின் வாரிசுகள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிப் போய் அங்கேயும் சிறந்து விளங்கினார்களாம்.

காசு கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாதிரிக்கு மாட்டியிருந்த டெய்லர் ஃப்ரேமைச் சும்மா படித்தேன். இரண்டாவது பத்தி அப்படியே இருக்கிறது. நார்மன் படையெடுப்பு, நிலபுலன், போர்க்களம், ஒரு வார்த்தை மாறவில்லை, பெயர் மட்டும்தான் வேறு. கேட்டதற்கு, "மென்பொருள் என்ன கொடுக்கிறதோ அதைத்தான் நாங்கள் அச்சடிக்கிறோம்" என்றார், கூச்சமே இல்லாமல். விளையாட்டாக என் அப்பா பெயரைத் தட்டச் சொன்னேன், நம்மில் பலரைப் போல எனக்கும் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அதுதான் இருக்கிறது. முருகேசன் கிடைக்கவில்லை, மார்கன் வேண்டுமா என்று திரை கேட்டது. வேல்ஸ்காரர்கள் பெயர்! வாங்கியிருந்தால் எனக்கும் ஒரு கேடயம் கிடைத்திருக்கும்.

சரி, உண்மையில் வாக்கர் யார்?

துணி மிதிக்கிறவர். அவ்வளவுதான். ஆனால் இந்த "அவ்வளவுதான்" பின்னால் இருக்கிற கதை, மேலே சொன்ன மூன்று பத்தியைவிட நூறு மடங்கு சுவாரசியமானது. ஆட்டு ரோமத்தை நூற்று நெய்து தறியிலிருந்து இறக்கும்போது அது நாம் நினைக்கிற கம்பளியாக இருக்காது. இழைகள் விலகி விலகி நிற்கும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் ஆட்டின் பிசுக்கும் சேர்ந்து வாடை அடிக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் ஒருவகைக் களிமண்ணும் நாள்பட்ட மூத்திரமும் ஊற்றி, ஆள் உள்ளே இறங்கி மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். ஆமாம், மூத்திரம்தான். சில நாள் வைத்திருந்தால் அதில் அமோனியா உண்டாகும், அமோனியா பிசுக்கை எடுத்துவிடும். சோப்பு மலிவாகக் கிடைக்காத காலத்தில் வீடு வீடாகப் போய்ச் சேகரித்தார்கள், யார்க்‌ஷயரில் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது. பழைய ரோமாபுரியிலும் இதே கதைதான், வெஸ்பாசியன் என்ற பேரரசர் பொதுக் கழிப்பிடங்களில் எடுக்கும் மூத்திரத்துக்கு வரியே போட்டார்.

அழுக்கு எடுப்பது பாதி வேலைதான். ரோம இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் மேலே நுண்ணிய செதில் செதிலாக இருக்கும். ஈரத்திலும் சூட்டிலும் மிதிபடும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், துணி அகலமும் நீளமும் குறைந்து தடித்துப் போகும், அதற்கப்புறம்தான் இந்த ஊர் மழைக்கும் காற்றுக்கும் தாக்குப்பிடிக்கிற கம்பளி ஆகும். நல்ல ஸ்வெட்டரைத் தெரியாமல் வாஷிங் மெஷினில் சுடுதண்ணீரில் போட்டுக் குழந்தைச் சட்டையாக வெளியே எடுத்திருந்தால் உங்களுக்கு இது புரியும். இவர்கள் அதையே வேண்டுமென்று, அளவு தெரிந்து செய்தார்கள். மிதித்து முடித்த துணியை வெட்டவெளியில் நீளமான மரச்சட்டங்களில் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு டென்டர் என்று பேர். என்ன நடக்குமோ என்று பதைபதைப்போடு இருப்பவரை ஆங்கிலத்தில் 'டென்டர்ஹுக்ஸ்' மேல் இருக்கிறார் என்கிறார்களே, அது இந்தக் கொக்கிகள்தான்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "ஏங்க, ரிட்டயர் ஆகுற மனுஷனுக்கு மூத்திரம் மிதிச்ச குடும்பம்னு ஃப்ரேம் போட்டா குடுப்பீங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குத் தெரிந்த யார்க்‌ஷயர்க்காரர்களுக்கு நார்மன் பிரபு என்பதைவிட இதுதான் பிடிக்கும். பிரபுக்கள் தெற்கத்திக்காரர்கள் சமாச்சாரம்.

பெயருக்கு வருகிறேன். பழைய ஆங்கிலத்தில் வெயல்கன் என்றால் புரட்டுவது, உருட்டுவது. அதைச் செய்கிறவர் வெயல்கெரே. கால்நடையாகப் போவது என்ற அர்த்தம் அந்த வினைச்சொல்லுக்குப் பிற்பாடுதான் வந்து ஒட்டிக்கொண்டது, கடைசியில் பழைய அர்த்தத்தையே விழுங்கிவிட்டது. ஜெர்மனியிலும் வால்கர் என்று குடும்பப்பெயர் இருக்கிறது, அங்கேயும் இதே தொழில்தான், நடப்பதற்கு அவர்களிடம் வேறு சொல் இருப்பதால் குழப்பம் வரவில்லை.

இதே தொழில் செய்தவருக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். இங்கிலாந்தின் வடக்கே வாக்கர். தென்கிழக்கே, சஸ்ஸெக்ஸ், கென்ட், சஃபக் பக்கம் ஃபுல்லர், இது லத்தீன் வழி வந்தது. தென்மேற்கே டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். நம்மூரில் டக்கர் என்றால் பிரமாதம் என்று அர்த்தம், அங்கே அது வதைப்பது என்ற பழைய வினையிலிருந்து வந்தது, துணியைப் போட்டு வதைக்கிறவர். எக்ஸெட்டரில் இந்தத் தொழிலாளர் சங்கம் 1471-இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்னும் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். வேல்ஸில் துணி மிதிக்கிற ஆலைக்குப் பாண்டி என்று பேர், டோனிபாண்டி என்ற ஊர்ப்பெயரில் இருப்பது அதுதான் (மதுரைக்காரர்கள் மன்னிக்கவும், சம்பந்தம் இல்லை). ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இதைப் பெண்கள் செய்தார்கள். நீண்ட பலகையைச் சுற்றி உட்கார்ந்து ஈரத்துணியைத் தாளத்தோடு அடித்துச் சுற்றிவிடுவார்கள், அதற்கென்றே தனிப் பாட்டுகள் இருந்தன, 20-ஆம் நூற்றாண்டு வரைக்கும் பாடியிருக்கிறார்கள், ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. நம் நடவுப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் காது பழகிவிடும். அங்கே துணி மிதிப்பவரின் மகன் என்று கேலிக் மொழியில் ஒரு குடும்பப்பெயர் இருந்தது, ஆங்கிலம் வந்த பிறகு அதையும் வாக்கர் ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் களிமண்ணை மறந்துவிட்டேனே. ஃபுல்லர் பெயரிலேயே ஃபுல்லர்ஸ் எர்த் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நமக்குத் தெரியாத சரக்கு இல்லை, நாட்டுமருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிற முல்தானி மெட்டிதான். முகத்து எண்ணெயை எடுக்கிற அதே குணம், கம்பளியிலும் எண்ணெயை எடுக்கிறது. இங்கே சர்ரேயில் ரெட்ஹில், நட்ஃபீல்ட் பக்கம் தோண்டி எடுத்தார்கள், வெளிநாட்டுக் கம்பளிக்காரர்களுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று ஒரு காலத்தில் அதை ஏற்றுமதி செய்யவே தடை இருந்தது. மண்ணுக்கு ஏற்றுமதித் தடை போட்ட அரசாங்கம் என்றால் கம்பளியில் எவ்வளவு பணம் புரண்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ரேமில் சொன்ன காட்டுக் காவலர் கதை அந்தக் கடை கண்டுபிடித்தது இல்லை, அப்படி ஒரு விளக்கம் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அரசரின் காடுகள் தெற்கிலும்தானே இருந்தன? ஹாம்ப்ஷயரில் இருக்கும் நியூ ஃபாரஸ்ட் வில்லியம் மன்னர் தன் வேட்டைக்கென்றே ஒதுக்கியது. வாக்கர்களோ யார்க்‌ஷயர், லங்காஷயர் என்று கம்பளி நெய்த வடக்கே குவிந்திருக்கிறார்கள், இது 1881 கணக்கெடுப்பிலேயே பளிச்சென்று தெரியும். காட்டைச் சுற்றியவர்கள் என்றால் இந்த வரைபடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு சின்ன வழியும் உண்டு: நியூகாசிலில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்பதால் வந்த ஊர்ப்பெயர், அங்கிருந்து கிளம்பிய சிலருக்கு ஊர்ப்பெயரே குடும்பப்பெயராக ஒட்டியிருக்கலாம்.

நார்மன் காலத்திலிருந்தே வாக்கர் குடும்பம் என்று எழுதியிருக்கிறார்களே, அது எப்படி முடியும் என்றுதான் எனக்குப் புரியவில்லை. 1066-இல் நார்மன்கள் வந்து இறங்கியபோது இங்கே சாதாரண ஜனங்களுக்குப் பரம்பரைக் குடும்பப்பெயரே கிடையாது. ஒரு ஊரில் நாலு ஜான் இருந்தால் குன்றடி ஜான், வில்லியம் மகன் ஜான், செம்பட்டை ஜான், துணி மிதிக்கிற ஜான் என்று அடையாளம் வைத்துக் கூப்பிட்டார்கள், அவர் செத்தால் பட்டப்பெயரும் போய்விடும். பிரபுக்கள்தான் சொத்து கைமாறாமல் இருக்க முதலில் பெயரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், அப்புறம் மெல்ல மெல்ல ஊர் முழுக்கப் பரவி, 1400 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. 1377, 1379, 1381 என்று மூன்று தடவை தலைவரி போட்டார்கள், மூன்றாவது வரியில்தான் பெரிய விவசாயிகள் கலகமே வெடித்தது. அதில் 1379 வரிக்கு யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதியில் எடுத்த பட்டியல் இன்னும் இருக்கிறது, பலருக்குத் தொழிலையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பெயர் நிலைத்த பிறகு வாக்கரின் மகன் ரொட்டி சுட்டாலும் வாக்கர்தான், ஆடு மேய்த்தாலும் வாக்கர்தான்.

இத்தனைக்கும் பெயர் நிலைத்த காலத்திலேயே காலால் மிதிக்கிற வேலை பாதிக்குப் பாதி போய்விட்டது. ஓடுகிற ஆற்றில் சக்கரம் வைத்து, அந்தச் சக்கரம் பெரிய மரச் சுத்தியல்களைத் தூக்கித் தூக்கித் துணி மேல் போடுகிற ஆலைகள் 12-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகள் 1185-இல் எடுத்த சொத்துக் கணக்கில் லீட்ஸுக்குப் பக்கத்து நியூஷம் ஆலை இருக்கிறது. மலையோரம் வேகமாக ஓடும் தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே தொழில் நகர்ந்தது, பென்னைன் மலை அடிவாரம் கம்பளி நாடானது இப்படித்தான். சுத்தியலைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆளையும் ஊர் வாக்கர் என்றே கூப்பிட்டது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? லீட்ஸில் ஆர்ம்லி மில்ஸ் என்ற தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது, ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவில். 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே துணி மிதிக்கிற ஆலை இருந்ததற்குப் பதிவு உண்டு. தீப்பிடித்து எரிந்த பிறகு 1805-இல் பெஞ்சமின் காட் திரும்பக் கட்டினார், ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய கம்பளி ஆலை என்று பேர். அந்த மரச் சுத்தியல்கள் உள்ளே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன், துணியைப் புரட்டிவிடுவதற்காக அடிப்பக்கம் படிப்படியாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் படிகளைப் பார்த்தால் போதும், மிதிக்கிற பாதத்துக்குப் பதிலாக வந்த சாமான் இது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அருங்காட்சியகத்துக்கு என் தரப்பில் ஐந்துக்கு ஐந்து. குழந்தைகளோடு போகிறவர்கள் கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள், உள்ளே குளிரும்.

பெயர் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஃப்ரேம் சொல்லவே இல்லை, "உலகெங்கும்" என்று முடித்துவிட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டும் சேர்த்து அதிகம் பேருக்கு இருக்கிற குடும்பப்பெயர்களில் வாக்கர் முதல் 20-க்குள் வரும். ஸ்மித்தை யாரும் அசைக்க முடியாது, அது தனிக் கதை. அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பில் 5 லட்சத்துக்கும் மேல் வாக்கர்கள், அவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். அடிமை முறையின் வரலாறு அதற்குள் இருக்கிறது, யார்க்‌ஷயர் நெசவுக்கும் அவர்களுக்கும் ரத்தச் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முடி எண்ணெய் வியாபாரத்தில் பெரும் பணக்காரரான மேடம் சி.ஜே. வாக்கரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1867-இல் லூசியானாவில் பிறந்தபோது அவர் பெயர் சாரா பிரீட்லவ், வாக்கர் என்பது கணவர் வழி வந்த பெயர், அதையே பிராண்டாக்கி உலகத்துக்குத் தெரியவைத்தார். ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் நடுவில் நிற்கிற டபிள்யூவும் வாக்கர்தான், கொள்ளுத்தாத்தா வழி.

ஆனால் நம்மவர்களிடம் வாக்கர் என்றால் யாருக்கும் அமெரிக்க அதிபர் ஞாபகம் வராது. ஜானி வாக்கர் விஸ்கி பாட்டில்தான் ஞாபகம் வரும். ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் 1820-இல் ஜான் வாக்கர் என்ற இளைஞர் ஆரம்பித்த மளிகைக் கடை அது. 1908-இல் டாம் பிரவுன் என்ற கார்ட்டூன் ஓவியர் தொப்பியும் கைத்தடியுமாக விறுவிறுவென்று நடந்து போகிற ஒரு ஆளை வரைந்து கொடுத்தார், அந்த ஆள்தான் இன்றுவரை லேபிளில். பெயரின் தப்பான அர்த்தத்துக்கு உலகத்திலேயே பெரிய விளம்பரம் அந்த ஆள்தான் என்பேன். நியாயமாகப் பார்த்தால் பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் நிற்க வேண்டியவர். அதை வரைந்திருந்தால் எவன் குடிப்பான், அது வேறு விஷயம்.

இப்போது கேடயத்துக்கு வருகிறேன், என் பெரிய கோபம் அதன் மேல்தான். குடும்பப்பெயருக்கென்று சின்னம் கிடையாது. எந்தக் குடும்பப்பெயருக்கும் கிடையாது. இங்கிலாந்தில் இந்தச் சின்னங்களைக் கொடுக்கிற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் 1484-இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் ஏற்படுத்தியது, லண்டனில் இன்னும் நடக்கிறது, அவர்களே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சின்னம் தனி ஒரு மனிதருக்குக் கொடுப்பது, அப்புறம் அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குப் போகும். ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு பணக்கார வாக்கர் வாங்கிய சின்னத்தை எடுத்து எல்லா வாக்கருக்கும் விற்பது, அதே பெயர்க்காரர் வீட்டுப் பட்டாவை நகலெடுத்து உங்களுக்கு விற்கிற வேலை. ஸ்காட்லாந்தில் இன்னும் கறார், அங்கே லார்ட் லயன் என்ற அதிகாரி, உரிமை இல்லாத சின்னத்தைப் பயன்படுத்தினால் வழக்கே போடலாம்.

ஒரே குடும்பம் என்ற பேச்சும் அப்படித்தான். துணி நெய்த ஒவ்வொரு ஊரிலும் மிதிக்க ஒருவர் இருந்தார், அவர்கள் எல்லோர் வாரிசும் இன்றைக்கு வாக்கர், ஒருவருக்கொருவர் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. அப்பா வழியில் மகனுக்கு வருகிற ஒய் குரோமோசோமும் குடும்பப்பெயரும் ஒரே தடத்தில் போவதால் இதைச் சோதிக்க முடியும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில் ஸ்மித் போன்ற பெருங்கூட்டப் பெயர்க்காரர்களுக்குள் ஒட்டுறவு எதுவும் தேறவில்லை, அட்டன்பரோ மாதிரி அபூர்வப் பெயர்க்காரர்களோ பெரும்பாலும் ஒரே மூதாதையின் பிள்ளைகளாக இருந்தார்கள். சைக்ஸ் என்று இன்னொரு யார்க்‌ஷயர்ப் பெயர், ஓடைக்கரை என்று அர்த்தம். ஆக்ஸ்ஃபர்டில் பேராசிரியராக இருந்த பிரையன் சைக்ஸ் தன் பெயர்க்காரர்களையே சோதித்து 2000-இல் வெளியிட்டார், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே குரோமோசோம் இருந்தது. அதனால் உங்கள் நண்பர் அபூர்வமான பெயர்க்காரர் என்றால் ஒரே குடும்பம் என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. வாக்கர், டெய்லர், ஸ்மித், குக் என்றால் இல்லவே இல்லை.

45 பவுண்டுக்குப் பதில் என்ன செய்யலாம் என்றால், முதலில் ஊர் நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள், காசு கிடையாது. பிரிட்டன், அயர்லாந்து குடும்பப்பெயர்களுக்கு ஆக்ஸ்ஃபர்ட் 2016-இல் நான்கு தொகுதியாக ஒரு அகராதி போட்டது, 45,000 பெயர்களுக்கு மேல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எந்த ஆண்டு எந்த ஆவணத்தில் எந்த எழுத்தில் வந்தது என்று கொடுத்திருக்கிறார்கள். பல ஊர் நூலக அட்டைக்கு அதை வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்க முடியும். 1881 கணக்கெடுப்பு எழுத்துப்பெயர்ப்பும் இலவசம்தான். பரிசாகக் கொடுக்க வேண்டுமென்றால் அந்த ஆளின் தாத்தா பாட்டி பெயரையும் ஊரையும் விசாரித்துக்கொண்டு உள்ளூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் பதிந்து வைக்கச் சொல்லித் தாமஸ் குரோம்வெல் 1538-இல் தேவாலயங்களுக்கு உத்தரவு போட்டார், தேவாலயப் பதிவேடுகள் அங்கிருந்து ஆரம்பிக்கின்றன. நடுவில் எலி தின்றது, தீயில் போனது எல்லாம் உண்டு, இருந்தாலும் ஒரு பக்கத்தின் நகல் கிடைத்தால் அது அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே உரிய காகிதம்.

திருப்பிக் கொடுக்கலாம் என்று போனேன். பெயர் போட்ட பொருள், எடுக்க மாட்டோம் என்றார்கள். அப்படியானால் கேடயத்தையும் இரண்டாம் பத்தியையும் நீக்கி வேறு தாள் அச்சடித்துத் தரச் சொன்னேன், அதற்கு 12 பவுண்டு கேட்டார்கள். அலுவலக வசூலில் மிச்சமே 6 பவுண்டுதான். கடைசியில் துணி மிதித்த கதையை நானே ஒரு பக்கத்துக்கு எழுதி, ஆங்கிலத்தைச் சக ஊழியர் ஒருவர் சரிபார்த்து, அலுவலக பிரிண்டரில் நல்ல தாளில் அடித்து ஃப்ரேமுக்குள் மாற்றி வைத்தோம். கொடுத்ததும் மனிதர் மூத்திரப் பத்தியை உரக்கப் படித்துக் காட்டினார், கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சுவரில் அழகுக்கு மாட்ட மட்டும்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் பிள்ளையின் பள்ளிப் புராஜெக்டுக்கு அதைப் பார்த்து எழுதிக் கொடுக்காதீர்கள். இல்லை, கடைக்குள் நுழைந்துவிட்டோம், ஏதாவது வாங்காமல் வர மனசில்லை என்றால் 4 பவுண்டுக்கு ஃப்ரிட்ஜ் காந்தம் இருக்கிறது. அதில் கேடயம் இல்லாமலும் ஒரு வகை வைத்திருக்கிறார்கள், வெறும் பெயர் மட்டும். அதில் ஒரு தப்பும் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.